காரில் வீசும் நாற்றம் எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தபோது, ஒருவரையொருவர் அறியாத பல வாசகர்கள் ஒரே மனக்குறையை எழுதியிருந்தார்கள். காரில் ஏதோ நாற்றம் வீசுகிறது, பட்டறைக்காரர் ஏதோ ஒரு பாகத்தை மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா வேண்டாமா என்பதுதான் அது. எல்லாருமே நாற்றம் எப்படிப்பட்டது என்பதை மிக நன்றாக வருணித்திருக்கிறார்கள். ஆனால் அது எந்த நேரத்தில் வீசுகிறது, வண்டியின் எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதைச் சிலர்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். பழுதைப் பிடிப்பதற்கு எனக்குப் பெரிதும் உதவுவது இந்தப் பிந்திய தகவல்தான் என்பதால், இம்முறை பதில்களைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் பெட்ரோல் காருக்கு எட்டு வயதாகிறது. மூன்று வாரங்களாக அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. தீவு விரைவுச்சாலையில் வேகமாக வந்து, வெளியேறும் இடத்தில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது ஒருமுறை வீசும். வீட்டுக்கு வந்து பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்து இறங்கிய பிறகும் முன்பக்கத்தில் அதே நாற்றம் இருக்கும். ஒரு பட்டறையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, புதிது போடவேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு அருகில் இருக்கிறது. வேறு வழி உண்டா?
— பொங்கோல் வாசகர்

பதில்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் வரும் வாயுவைச் சுத்திகரிக்கும் பெட்டி. அந்தப் பெட்டியை இப்போதைக்கு மாற்றவேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு நாற்றங்களாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றில் ஒன்றுக்கும் புகைக்குழாய்க்கும் தொடர்பே இல்லாமல் போகலாம்.

முதலில் சிவப்பு விளக்கில் வீசுவதைப் பார்ப்போம். முட்டை நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பெட்ரோலில் மிகச் சிறிதளவு கந்தகம் எப்போதும் உண்டு. எஞ்சினுக்குள் அது எரிந்து கந்தக டை ஆக்சைடாக மாறிக் குழாய்வழியே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் செல்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைப் பூசிய பீங்கான் தேன்கூடு ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கலவையில் காற்று மிகுந்திருக்கும் நேரத்தில் கந்தகம் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். பெட்டி நன்றாகச் சூடேறியிருக்கும்போது எரிபொருள் மிகுந்து ஆக்சிஜன் குறைந்தால், தங்கியிருந்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து மொத்தமாக வெளியேறும். விரைவுச்சாலையில் அழுத்தி ஓட்டிவிட்டு விளக்கில் நிற்கும்போது மட்டும் நாற்றம் வருவதற்கு இதுவே காரணம்.

ஆகவே முட்டை நாற்றம் வீசினாலே பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. முழுமையாகச் செயலிழந்த பெட்டியில் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் வேலையும் குறைந்துவிடும். புதிய பெட்டி போட்டவர்களில் சிலர், போட்ட முதல் சில வாரங்களில் நாற்றம் முன்பைவிடக் கூடிவிட்டது என்று திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். எப்போதோ ஒருமுறை, அழுத்தி ஓட்டிய பிறகு மட்டும் இலேசாக வீசுவது பழுதே அல்ல. அடிக்கடி வீசினால், எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறதா என்று கேட்கவேண்டும். அப்படிப் போவதற்குக் காரணம் அநேகமாகப் பெட்டிக்கு முன்னால்தான் இருக்கும். வயதாகி மந்தமான ஆக்சிஜன் சென்சார், தூசு படிந்த காற்றோட்ட அளவி, மூடிய பிறகும் பெட்ரோல் சொட்டும் இஞ்செக்டர் (எரிபொருள் தெளிப்பான்) என எதுவாகவும் இருக்கலாம். இந்த மூலகாரணத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றினால், அதே மிகைப் பெட்ரோல் புதிய பெட்டியையும் சில மாதங்களில் பொசுக்கிவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சோதனைச் செருகியில் ஒரு ஸ்கேனரை மாட்டி, பிழைக்குறியீடு என்ன என்பதோடு எரிபொருள் திருத்தம், அதாவது காரின் கணினி பெட்ரோலைக் கூட்டுவதோ குறைப்பதோ, எத்தனை சதவீதம் என்பதையும் எழுதித்தரச் சொல்லுங்கள். அந்த எண் கூட்டலிலோ கழித்தலிலோ 10-க்குள் நின்றால் கவலையில்லை. கழித்தல் 15, 20 என்று இருந்தால், எங்கிருந்தோ மிகையாக வரும் பெட்ரோலைக் குறைக்கக் கணினி போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பி-0172 என்ற குறியீடும் அதையே சொல்லும். கூட்டல் 15, 20 என்று இருந்தால் கதை வேறு. முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் குழாய் இணைப்பில் வெடிப்பு இருக்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அதைக் கண்டு காற்று அதிகம் என்று ஏமாந்துபோக, கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 'டிக் டிக்' என்று ஓசை வந்து, சூடேறியதும் அடங்கிவிட்டால் இந்த வெடிப்பைச் சந்தேகிக்கலாம். உங்கள் பட்டறை பெட்டியைக் குறைசொன்னது பி-0420 என்ற குறியீட்டை மட்டும் பார்த்து என்றால், அது பெட்டியின் திறன் குறைந்திருப்பதாகக் கணினி கருதுவதைத்தான் காட்டும். ஏன் குறைந்தது என்பதைக் காட்டாது.

எஞ்சினை அணைத்த பிறகு முன்பக்கத்தில் வீசுவதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எஞ்சின் நின்றுவிட்டால் புகைக்குழாயிலிருந்து புதிதாக எதுவும் வராது. வந்தாலும் பின்பக்கத்தில்தான் வீசவேண்டும். முன்பக்கத்தில் பானெட்டுக்குள் முட்டை நாற்றத்தைத் தரக்கூடிய பொருள் பேட்டரி. அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்தும் இதே ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரிமையாளர் இரண்டு பட்டறைகளில் புகைக்குழாயைச் சோதித்துவிட்டுத்தான் வந்தார். பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் இரு பக்கங்களும் பூரி போல உப்பியிருந்தன, முனையைச் சுற்றி வெண்பச்சைத் தூள் பூத்திருந்தது. எஞ்சின் ஓடும்போது மல்ட்டிமீட்டரில் 15.6 வோல்ட் காட்டியது. பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்ட்டர்னேட்டரின் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சாதனத்தையும் பேட்டரியையும் மாற்றியதோடு நாற்றம் நின்றுவிட்டது.

உங்கள் காரில் எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருப்பது இயல்பு. 15-ஐத் தாண்டினால் அந்த வண்டியை ஓட்டுவதையே நிறுத்திவையுங்கள், ஏனெனில் உப்பிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் கசியும், ஒரு தீப்பொறி பட்டால் வெடித்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடுகின்றன. உங்களுடையதை எப்போது மாற்றினீர்கள் என்பதையும் பாருங்கள். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஒரு மாதச் சம்பளத்தைச் செலவழிக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடித ஓரத்தில், பெட்டியின் உள்ளீட்டை உடைத்து வெறும் கூடாக விட்டுவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். அது சட்டவிரோதம். சிங்கப்பூரில் மூன்று ஆண்டைக் கடந்த கார்கள் பத்தாம் ஆண்டுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனைக்குப் போகவேண்டும், அங்கே புகை அளவிலும் தேறாது. போதாக்குறைக்கு, முட்டை நாற்றம் போய், எரியாத பெட்ரோல் நாற்றம் நிரந்தரமாகக் குடியேறும்.

கேள்வி: வணக்கம். போன டிசம்பரில் என் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துவிட்டது. பம்பரும் டிக்கிக் கதவும் மாற்றினார்கள். அதிலிருந்து பின்னிருக்கையில் உட்காரும் என் மகள் புகை நாற்றம் அடிக்கிறது, தலை வலிக்கிறது என்கிறாள். பள்ளி முடியும் நேரத்தில் அவளுக்காக ஏர்கானைப் போட்டுக்கொண்டு 20 நிமிடம் காத்திருப்பேன். அப்போதுதான் அதிகம். முன்னிருக்கையில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. இது அவளுடைய மனப்பிரமையா?
— ஈசூன் வாசகி

பதில்: மனப்பிரமை அல்ல, அம்மா. இந்த மாதக் கடிதங்களிலேயே அவசரமானது உங்களுடையதுதான். பழுது சரியாகும்வரை மகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.

புகைக்குழாய் வாயுவில் நாம் நுகர்வது எரியாத எண்ணெய்த் துகள்களையும் மற்ற வாயுக்களையும்தான். அவற்றோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். காரில் ஏறினால் தலைவலி, இறங்கிக் காற்று வாங்கினால் குறைகிறது என்று குழந்தை சொன்னால் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் காத்திராமல் 995-ஐ அழையுங்கள்.

இடித்த பிறகு இப்படி ஆவதற்கு இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்கவேண்டும்: வாயு கசியவோ பின்புறத்தில் தேங்கவோ வேண்டும், அது உள்ளே வர ஓர் ஓட்டையும் வேண்டும். ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், புகை அங்கேயே சுழன்று சிறு இடுக்கு கிடைத்தாலும் உள்ளே புகும். நிற்கும் காரிலோ அது பம்பருக்கு அடியில் தேங்கி மேலேறும். பின்பக்க வேலை செய்யும்போது மூன்று இடங்களில் பிசகு நேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிக்கிக் கதவின் ரப்பர் விளிம்பு சரியாகப் படியாமல் இருக்கும். பின்விளக்கின் பின்னாலுள்ள ரப்பர் தகடு வைக்கப்படாமலே விளக்கு திருகப்பட்டிருக்கும். பம்பருக்கு உட்புறம், உள்காற்று வெளியேறுவதற்கென்று இருக்கும் சிறு ரப்பர் மடல்கள் நசுங்கித் திறந்தே நிற்கும். மூன்றாவது இடத்தைப் பம்பரைக் கழற்றாமல் பார்க்க முடியாது என்பதால், பல பட்டறைகளில் அதை யாரும் பார்ப்பதே இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பழைய மின்கட்டணச் சீட்டைக் குறுக்காகக் கிழித்து, டிக்கிக் கதவின் விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் அந்த இடம் நல்லது. எதிர்ப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை என்று சுற்றிலும் செய்யுங்கள். இருட்டிய பிறகு பின்னிருக்கையை மடக்கி, நீங்கள் உள்ளே அமர்ந்து டிக்கிப் பக்கம் பார்த்திருக்க, வீட்டில் ஒருவர் வெளியே டார்ச் விளக்கைப் பின்விளக்கு ஓரத்திலும் பம்பருக்கு அடியிலும் மெல்ல நகர்த்தட்டும். எஞ்சின் அணைந்திருக்கவேண்டும். கம்பளத்தை விலக்கிய இடத்தில் ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அதைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். இதே முறையில் ஒருவர் கண்டுபிடித்தது, ஐம்பது காசு அளவிலான ஒரு ரப்பர் அடைப்பான் இல்லாமல் திறந்துகிடந்த ஓட்டையை. சாயம் அடிக்கும்போது கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை.

கசிவைத் தேடுவது பட்டறையின் வேலை. வண்டியை உயர்த்தி, இணைப்புகளில் கரிக்கறை விசிறி போலப் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, கையுறை அணிந்த கையால் தடித்த துணியைக் குழாயின் வாயில் சில நொடிகள் அழுத்தினால், நல்ல குழாயில் அழுத்தம் கூடி எஞ்சின் திணறும். கசியும் குழாயில் வேறோரிடத்திலிருந்து 'ஸ்ஸ்' என்ற ஓசை வரும். அங்கே சவர்க்கார நீரைத் தெளித்தால் குமிழி விடும். இடியின் வேகத்தில் சைலன்சரின் தொங்கு ரப்பர் அறுந்து, குழாயின் வாய் பம்பருக்கு உட்புறம் திரும்பியிருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் கசிவே இல்லாமலும் நாற்றம் வரும்.

முன்னிருக்கையில் உங்களுக்குத் தெரியாததற்கு ஏர்கான் ஒரு காரணம். முன்துவாரங்களின் காற்று உங்கள் முகத்தில் படுகிறது, பின்னிருந்து புகுவது முதலில் மகளைத்தான் அடைகிறது. மற்றொன்று, மூக்கு ஒரே மணத்துக்கு விரைவில் பழகிவிடும். பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். போக்குவரத்துக் காரணம் இல்லாமல் நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் எப்படியும் குற்றம். பழுதுபார்த்த பிறகு, பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் சில நாள் பின்னிருக்கையில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மகளை ஏற்றுங்கள்.

கேள்வி: ஜோகூர் பாருவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாளைக்குக் காரைச் சுற்றிப் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது. சிங்கப்பூரில் போட்டால் அப்படி இல்லை. அந்தப் பெட்ரோலில் கலப்படமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பெட்ரோலைக் குறைசொல்வதற்குமுன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக்கூடாது. பெட்ரோல் நிரப்பும் துப்பாக்கி 'டக்' என்று தானாக நின்ற பிறகும், வண்டியைப் பிடித்து ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிரப்புகிறீர்களா? சிங்கப்பூர்க் கார் எல்லையைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்கு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் 500 வெள்ளிவரை அபராதம் என்ற விதியால், அங்கே போய்ச் சேரும்போது நமக்கு மிஞ்சுவது கால் தொட்டி இடம்தான். அதற்குள் எவ்வளவு அடைக்கலாம் என்று நம்மவர்கள் காரைத் தொட்டில் போல ஆட்டுவது அக்கரையில் பல ஆண்டுகளாகவே சிரிப்புக்கு இடமாகிவிட்டது.

தொட்டியின் மேல்பகுதியில் வெற்றிடம் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். வெப்பத்தில் எழும் பெட்ரோல் ஆவி அந்த இடத்திலிருந்து ஒரு சிறு குழாய்வழியே கரித்துண்டுகள் நிரம்பிய ஒரு டப்பாவுக்குப் போகிறது. கரி அதைப் பிடித்துவைத்துக்கொள்ள, ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். அந்த டப்பா ஆவியைத் தாங்கும், திரவத்தைத் தாங்காது. முதல் 'டக்'குக்குப் பிறகு நீங்கள் அடைக்கும் அரை லிட்டர் நேராக அதற்குள்தான் இறங்குகிறது. ஊறிப்போன கரியிலிருந்து இரண்டு நாளைக்கு நாற்றம் வீசும். நிரப்பியவுடன் எஞ்சின் எளிதில் கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். தொடர்ந்து செய்தால் கரி பொடிந்து, உறிஞ்சும் வால்வை அடைத்துவிடும். அப்போது டப்பாவையும் வால்வையும் சேர்த்து மாற்ற ஆகும் செலவில், அக்கரையில் பல மாதம் மிச்சம் பிடித்தது கரைந்துபோகும்.

அடுத்த மூன்று நான்கு முறை முதல் 'டக்'கோடு நிறுத்திப் பாருங்கள். நாற்றம் நின்றுவிட்டால் டப்பா தப்பித்தது. நிற்காவிட்டால் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதுதான் மலிவு. வண்டிக்கு அடியில் ஈரம் சொட்டியிருந்தாலோ, நிரப்பாத நாள்களிலும் பெட்ரோல் நாற்றம் வந்தாலோ அது கசிவாக இருக்கலாம். அந்த வண்டியை எஞ்சினைக் கிளப்பி ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ரான்-95 வகைப் பெட்ரோல் மலேசியாவில் வெளிநாட்டு வண்டிகளுக்குத் தடைசெய்யப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரான்-97 போடுவதாகவே நம்பி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து தேக்காவுக்குக் காய்கறி ஏற்றும் டீசல் வேன் வைத்திருக்கிறேன். சில நாள் கடைக்கு வந்து நிறுத்தும்போது இரும்பு பழுத்தது போலச் சுடுநாற்றம், முன்பக்க விசிறி அணைத்த பிறகும் ஓடுகிறது. வேறு சில நாள் கழிவறைக் காரம் போல மூக்கில் ஏறுகிறது.
— சிராங்கூன் சாலை வியாபாரி

பதில்: முதலாவது பெரும்பாலும் பழுதல்ல, அண்ணே. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிரம்பியதும், வேனின் கணினி அதைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கிக் கரியை எரிக்கும். அந்த நேரத்தில் சுடுநாற்றம் வரும், எஞ்சின் ஓசை சற்றுக் கூடும், விசிறி ஓடும். நீங்கள் ஓட்டும் தூரம் குறைவு, நடுவில் நிறுத்தங்களும் அதிகம் என்பதால், எரிப்பு முடியுமுன் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். அது மறுநாள் மறுபடி தொடங்குகிறது. இப்படி அடிக்கடி அறுபட்டால், எரிப்புக்கென்று கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் எஞ்சின் எண்ணெயில் இறங்கிக் கலந்துவிடும். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள்: எண்ணெய் குறையாமல் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தால், டீசல் கலந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றவேண்டும். வாரம் ஒருநாள் விடிகாலையில் சந்தைக்குப் போகும்போது, விரைவுச்சாலையில் சுற்றி 20 நிமிடம் நிற்காமல் ஓடும் பாதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரமாக ஏறுவது அம்மோனியா. உங்கள் வேனுக்குத் தனியாக ஊற்றும் ஆட்புளூ என்பது 32.5 சதவீத யூரியா கலந்த நீர்தான். சூட்டில் அது அம்மோனியாவாகப் பிரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளைச் செயலிழக்கச் செய்கிறது. தெளிப்பான் பழுதாகி அளவு மிஞ்சினால் மிச்ச அம்மோனியா வெளியே வரும். குழாய் இணைப்பிலோ தொட்டி மூடியைச் சுற்றியோ உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிகம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தைப் பட்டறையில் காட்டுங்கள். யூரியா மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் விவசாய யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அது முழு அமைப்பையும் அடைத்துவிடும்.

கேள்வி: காலையில் காரைக் கிளப்பினால் வெள்ளைப் புகை, வெல்லப்பாகு காய்ச்சுவது போல இனிப்பு வாடை. குழாயிலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது. கெடுதல் என்று தோன்றவில்லை, சரிதானே?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், குளிர்ந்த குழாயில் அது சொட்டத்தான் செய்யும். இனிப்பு வாடைதான் கெடுதல். அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் உள்ள கிளைக்காலின் வாடை. எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான கேஸ்கெட் வழியே கூலன்ட் எரியறைக்குள் கசியலாம். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவின் அளவைக் கோடிட்டு வையுங்கள், ஒரு வாரத்தில் இறங்கியிருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பட்டறையில் நீலநிறத் திரவம் உள்ள ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் ஒருமுறை கொதித்து உலோகம் வளைந்துவிட்டால், கேஸ்கெட்டோடு முடியவேண்டிய வேலை எஞ்சின் வேலையாகிவிடும்.

கேள்வி: என் காரின் வாகன உரிமைச் சான்றிதழ் இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது, அதோடு காரைக் கழித்துவிடப்போகிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எண்ணெய் கருகும் நாற்றம் உள்ளே வருகிறது. புகை எதுவும் தெரியவில்லை. இனிச் செலவு செய்வது வீண் என்று இப்போதைக்கு வாசனைப் புட்டி ஒன்று வாங்கி ஏர்கான் துவாரத்தில் மாட்டியிருக்கிறேன். போதுமா?
— சுவா சூ காங் வாசகர்

பதில்: புகைக்குழாயில் நீலப் புகை இல்லை, நிற்கும்போது மட்டும் நாற்றம் என்றால், எண்ணெய் எஞ்சினுக்குள் எரியவில்லை, வெளியே சொட்டி எரிகிறது. எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட் பத்தாண்டு வெப்பத்தில் கருவாடு போலக் காய்ந்து சுருங்கிவிடும். அதன் வழியே கசியும் எண்ணெய் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும், எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விழுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அந்தப் புகையை அடித்துப்போய்விடும், நின்றதும் அது கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத்துவாரம் வழியே உள்ளே வரும். பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் இந்தக் கேஸ்கெட்டை மாற்றுவது பெரிய செலவல்ல, அரைநாள் வேலை. ஆறு மாதத்துக்கு அது வீண் என்று நான் நினைக்கவில்லை. சூடான மேனிஃபோல்டில் எண்ணெய் சேர்வது தீப்பிடிக்கக் காரணமாகலாம் என்பது ஒரு பக்கம், அதே எண்ணெய் ஸ்பார்க் பிளக் குழிகளில் இறங்கினால் எஞ்சினில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போய், எரியாத பெட்ரோல் வேறு நாறத் தொடங்கும் என்பது இன்னொரு பக்கம்.

நீலப் புகை தெரிந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை என்றால் வால்வு சீல், அழுத்தும்போதெல்லாம் என்றால் பிஸ்டன் வளையம். ஆறு மாதத்தில் கழிக்கப்போகும் காருக்குப் பிஸ்டன் வளையம் மாற்றச் சொல்லமாட்டேன், எண்ணெயை வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள் என்றே சொல்வேன். ஒருவேளை மனம் மாறிச் சான்றிதழை ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிப்பதாக இருந்தால், பத்தாண்டைக் கடந்த காருக்கு ஒவ்வோர் ஆண்டும் சோதனை உண்டு என்பதை மனத்தில் வைத்து, எஞ்சினின் அழுத்தச் சோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் அந்த வாசனைப் புட்டியைக் கழற்றி, ஒருநாள் கண்ணாடிகளை இறக்கிவைத்து ஓட்டிவிட்டுப் போங்கள். மல்லிகை வாடைக்கு நடுவே எண்ணெய் வாடையைத் தேடச் சொன்னால் பட்டறைக்காரர் என்ன செய்வார்?